கஞ்சி ஹலால், கவர்?



சென்ற ரமலானில் அஸர் தொழுகைக்குப் பின் நோன்புக் கஞ்சி வாங்க வந்த ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "ஹஜ்ரத், வீட்ல மாசமா இருக்காங்க. கஞ்சிய கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவர்ல ஊத்தித் தர்றீங்க. அது வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு நர்ஸ் சொன்னாங்களாம். குடிக்கலாமா?"

"பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிக்கச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெரியாத விஷயத்தில் ஃபத்வா கொடுத்திருக்கிறேன். அந்தத் தவறை இந்த மிம்பரில் நின்றே ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகுதான் படித்தேன், மருத்துவர்களிடமும் கேட்டேன். நம் உடலில் ஹார்மோன்கள் என்பவை இரத்தத்தில் ஓடும் தூதர்கள். மிகமிகச் சிறிய அளவுதான் இருக்கும். ஆனால் கருவில் இருக்கும் பிள்ளையின் மூளையும் பிறப்புறுப்புகளும் அவை கொண்டுவரும் செய்தியைக் கேட்டுத்தான் உருவாகின்றன. சில ரசாயனங்கள் அந்தத் தூதரைப் போல வேடம் போட்டு உள்ளே நுழைந்து பொய்ச் செய்தி சொல்கின்றன. கடினமான பிளாஸ்டிக் பாட்டில்களிலும் கடையில் தரும் வழவழப்பான பில் காகிதத்திலும் இருக்கும் பிஸ்ஃபீனால் ஏ, பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட், சில பூச்சிக்கொல்லிகள் எல்லாம் இந்த வகைதான். சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் இப்படிப்பட்டவை உணவில் அதிகம் இறங்கும். ஐரோப்பிய நாடுகள் 2011ஆம் ஆண்டே குழந்தைகளின் பால்புட்டியில் பிஸ்ஃபீனால் ஏ கூடாது என்று தடை போட்டன.

நம் கஞ்சிக் கவரில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அதை விற்கும் கடைக்காரருக்கே தெரியாது. இங்கேதான் கேள்வி வருகிறது. தீங்கு நிச்சயமாகத் தெரியவில்லை, நம் நிய்யத்தும் நல்லது. அப்படியென்றால் நம் மீது பொறுப்பு இல்லையா?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1938இல் கண்டுபிடிக்கப்பட்ட டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோனை, கரு கலையாமல் இருப்பதற்காக அங்கே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த மருத்துவர்களின் நிய்யத் நல்லது, விழுங்கிய தாய்மார்களின் நிய்யத் அதைவிட நல்லது. 1953இல் சிகாகோவில் நடந்த ஆய்வு, இதனால் பலன் இல்லை என்று காட்டியது. அப்போதும் கொடுப்பது நிற்கவில்லை. 1971இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு வரவே வராத ஒரு அபூர்வமான புற்றுநோயோடு வந்த எட்டுப் பேரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். அந்த எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். தாய் விழுங்கியதற்கு, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து மகள் விலை கொடுத்தாள்! கஞ்சிக் கவரும் அந்த மாத்திரையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மாத்திரையின் அளவு எங்கே, கவரில் கசியக்கூடிய அளவு எங்கே. ஆனால் தீங்கு வரும் வழி இப்படித்தான் இருக்கும். கொடுத்தவர் கண்ணுக்கு அது தெரியாது.

நிய்யத் நல்லதாக இருந்தால் பாவம் நீங்கலாம். பொறுப்பு நீங்குமா? தவறுதலாக ஓர் உயிர் போனால்கூட ஷரீஅத் தியத்தும் கஃப்பாராவும் கேட்கிறது. மருத்துவம் தெரியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஹதீஸைப் பலமுறை பயான் செய்தவன் நான். அன்று அஸருக்குப் பின் அது நினைவுக்கு வரவில்லை.

கருவில் இருப்பவருக்கு நம் மார்க்கத்தில் எவ்வளவு உரிமை இருக்கிறது என்று பாருங்கள். தகப்பன் மவுத்தானால், இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் மீராஸில் பங்கை நிறுத்தி வைக்கிறோம். கர்ப்பிணி, தன் பிள்ளைக்குக் கேடு வரும் என்று வலுவாக அஞ்சினால் ஃபர்ளான ரமலான் நோன்பையே விட்டுவிட்டுப் பிறகு களா செய்யலாம். கேடு வந்து சேரும்வரை காத்திரு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்காக ஃபர்ளே தள்ளிப்போகிறது. அதே நோன்பு திறக்கக் கொடுக்கும் கஞ்சிக்காக இரண்டு ரூபாய்க் கவரை விட நம்மால் முடியாதா?

இதற்காக வஸ்வாஸில் விழுந்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தையெல்லாம் தூக்கி வீசிவிட்டு மனைவியோடு சண்டை போட வேண்டாம். போன வருடம் கவரில் வாங்கிக் குடித்த கர்ப்பிணிகள் பயந்து தூக்கத்தை இழக்கவும் வேண்டாம். தெரியாமல் நடந்தது வேறு. இனி தெரிந்துகொண்டே செய்வது வேறு. சூடானதும் எண்ணெய்ப் பசை உள்ளதும் பிளாஸ்டிக்கில் வேண்டாம். டீக்கடைப் பார்சலுக்கும் இதேதான்.

அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போய் என் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முத்தவல்லியிடமும் பேசியாயிற்று. வரும் ரமலானில் நம் பள்ளியில் கஞ்சி கவரில் கிடைக்காது. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவாருங்கள். வேலையிலிருந்து நேராக வருகிறவர்கள் கையில் பாத்திரம் இருக்காது. கவரில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்காக ஜமாஅத்தில் நூறு எவர்சில்வர் தூக்கு வாங்கி வைத்திருக்கிறோம். எடுத்துப் போங்கள். அது வக்ஃபுப் பொருள், மறுநாள் அஸருக்குள் கழுவித் திருப்பித் தந்துவிடுங்கள். மூடியையும் சேர்த்து.