கடலில் எவ்வளவு எடுக்கலாம்?

ஆண்டுக்கு எத்தனை டன் பிடித்தால் கடலில் மீன்வளம் குன்றாது என்பது கடலறிவியல் விடை தேடும் கேள்வி. எத்தனை டன் பிடிப்பது நியாயம் என்பது வேறு கேள்வி. மீன்வள மேலாண்மை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணை விடையாகத் தருகிறது. அந்த எண்ணில் கணக்கு எவ்வளவு, அறத் தீர்ப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது மெய்யியலின் வேலை. உள்ளதைச் சொல்லும் கூற்றிலிருந்து செய்ய வேண்டியதை நேராகப் பெற்றுவிட முடியாது என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிக்கல், மீன்வளத் துறையில் ஆண்டுதோறும் அரசாணையாக வெளிவருகிறது.

கடல் எவருக்கும் உடைமையில்லை என்ற கருத்துக்குச் சட்ட வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் டச்சு அறிஞர் ஹியூகோ குரோஷியஸ். ஒருவர் பயன்படுத்துவதால் பிறருக்குக் குறைந்துபோகாத ஒன்றை யாரும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பது 1609இல் வெளியான அவரது நூலின் வாதங்களில் ஒன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக உரிமைக்காக அவர் வாதாடினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கப்பல் போக்குவரத்துக்கு இந்த வாதம் பொருந்தும், ஏனெனில் ஒரு கப்பல் போன வழியில் மறு கப்பலும் போகலாம். மீனுக்கு அது பொருந்தாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் வெல்வுட், அயலார் வந்து பிடிப்பதால் தம் கரையோரத்தில் மீன் அருகிவிட்டதென்று 1613இலேயே மறுப்பு எழுதினார். அந்த மறுப்பு எடுபடவில்லை. 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, காட், ஹெர்ரிங் போன்ற பெரிய கடல்மீன் வளங்கள் அன்றைய பிடிமுறைகளால் அநேகமாகத் தீராதவை என்றே கருதினார்.

தீரும் என்பது தெளிவான பிறகு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘உச்ச நீடித்த விளைச்சல்’ என்ற கோட்பாடு நிலைபெற்றது. மீன் நிறைந்திருக்கும்போது இரையும் இடமும் போதாமல் அதன் பெருக்கம் நின்றுவிடும். ஓரளவு பிடித்துக் குறைத்தால் பெருக்கம் விரையும். எளிய கணித மாதிரியில், பிடிக்கப்படாத நிலையில் இருந்ததில் பாதியளவுக்குக் குறைந்திருக்கும்போது பெருக்கம் உச்சத்தில் இருக்கும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் கணக்கு இது. கணக்கில் பிழையில்லை. ஆனால் கடலில் மீன் பாதியாகக் குறைந்திருப்பதே ‘சிறந்த நிலை’ என்ற தீர்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. அந்த மீனை உண்டு வாழும் சீலும் கடற்பறவையும் சமன்பாட்டில் இல்லை. மீன்வள அறிஞர் பீட்டர் லார்கின் 1977இல் இக்கோட்பாட்டுக்குக் கல்லறை வாசகமே எழுதினார். ஐந்தாண்டு கழித்து, சில வரம்புகளுடன் என்றாலும், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதையே ஏற்றது.

அறிவின் எல்லையும் அறத்தின் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. ஐந்து நூற்றாண்டுகளாகக் காட் மீனை நம்பியிருந்த அக்கடலில் 1968இல் பிடிப்பு ஏறத்தாழ 8 லட்சம் டன்னைத் தொட்டது. அயல்நாட்டுக் கப்பல்களை விலக்க 1977இல் கனடா தன் எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்தது. பின்னர் மீன் இருப்பைக் கணக்கிட்ட அறிவியலாளர்கள், ஆய்வுக் கப்பலின் தரவோடு இழுவலைக் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தையும் சான்றாகக் கொண்டனர். மீன் குறைந்தபோது எஞ்சியவை சில இடங்களில் திரண்டன. கருவிகளின் துணையோடு கப்பல்கள் அந்தத் திரளையே தேடிச் சென்றதால் பிடிப்பு குறையவில்லை, இருப்பும் குறையாததுபோலத் தோன்றியது. கரையோர மீனவர்களோ மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது அனுபவப் பேச்சாகவே எண்ணப்பட்டது. 1989இல் அறிவியலாளர்கள் கணக்கைத் திருத்தி 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்றபோது அரசு 2,35,000 டன்னுக்கு அனுமதி தந்தது. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

இதில் இரண்டு தவறுகளைப் பிரித்தறிய வேண்டும். கணக்கு பிழைத்தது அறிவின் தவறு. எச்சரிக்கை கிடைத்த பிறகும் ஏறத்தாழ இரு மடங்கு பிடிக்கவிட்டது அறிவின் தவறல்ல. ஐயம் உள்ளபோது நட்டத்தை யார் தலையில் வைப்பது என்ற அறக் கேள்விக்கு, மீனின் தலையில், நாளைய மீனவனின் தலையில் என்று தரப்பட்ட விடை அது. நிரூபிக்கும் பொறுப்பு பிடிப்பவருக்கா தடுப்பவருக்கா என்பதை எந்த ஆய்வுக் கப்பலும் கண்டுபிடித்துச் சொல்லாது. போதிய அறிவியல் தகவல் இல்லை என்பதைக் காட்டிப் பாதுகாப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1995ஆம் ஆண்டின் ஐ.நா. மீன் இருப்பு ஒப்பந்தம் அந்தப் பொறுப்பைப் பிடிப்பவர் பக்கம் நகர்த்தியது.

யாருக்காகக் காப்பது என்பதிலும் சட்டத்துக்கு ஒரே மனம் இல்லை. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடித் தரையும் கனிமங்களும் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது 1982ஆம் ஆண்டின் உடன்படிக்கை. அதே இடத்தில் மேலே நீந்தும் மீன் பிடித்தவருடையது. கல்லுக்கு உள்ள மதிப்பு உயிருக்கு இல்லையா என்ற கேள்விக்கு 2023இல் ஏற்கப்பட்ட பெருங்கடல் ஒப்பந்தமும் நேராக விடை சொல்லவில்லை. பொதுச் சொத்துக் கொள்கையையும் கடல் சுதந்திரத்தையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது.

காக்கும் எண்ணம் அறிவியலோடு பிறந்ததல்ல. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஒரு நீர்ப்பரப்பைக் குறித்த காலம் வரை விலக்கி வைக்கும் வழக்கத்தை ‘ராஹுயி’ என்பர். அது புனித விலக்கோடு பிணைந்தது. அங்கே மீன் எத்தனை என்ற கணக்கு முதலில் வருவதில்லை, தொடாதிருக்க வேண்டும் என்ற கடமை முதலில் வருகிறது. இத்தகைய மரபைத் தழுவித் தற்காலிகமாகக் கடற்பகுதிகளை மூட அந்நாட்டின் மீன்வளச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிடும் காலம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் வெப்பமண்டலக் கடலில் பல இன மீன்கள் ஆண்டின் பல மாதங்களில் முட்டையிடுகின்றன. நாட்டுப் படகுக்கு விலக்கு தருவதையும், நிவாரணத் தொகையையும் மீனின் உயிரியலிலிருந்து பெற முடியாது. அவை யார் எவ்வளவு தாங்க முடியும் என்பது பற்றிய நீதித் தீர்ப்புகள், நல்ல தீர்ப்புகளும்கூட.

நியூஃபவுண்ட்லாந்தின் தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2023இல் கனடா அறிவியலாளர்கள் பழைய தரவுகளையும் சேர்த்து மாதிரியைத் திருத்தியபோது ஆபத்து எல்லைக்கோடு கீழே இறங்கியது. மீன் திடீரெனப் பெருகாமலேயே, அதன் நிலை ‘ஆபத்து’ என்பதிலிருந்து ‘எச்சரிக்கை’ என்று மாறியது. 2024 ஜூனில் அரசு 18,000 டன் வரம்போடு வணிக மீன்பிடிப்பை மீண்டும் திறந்தது. கோட்டை நகர்த்தியது அறிவியல். கடலைத் திறந்தது அரசு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் அரசுதான்.