எட்டு எழுத்தும் ஒரு பெண்ணின் வாழ்வும்

 

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர்கள் சீனர்களோடு சுவருக்குச் சுவர் இருப்பவர்கள். "நீங்கள் எந்த மிருகத்தின் ஆண்டில் பிறந்தவர்?" என்று அண்டை வீட்டார் அன்போடு கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. அந்தக் கேள்விக்குப் பின்னே ஒரு பெரிய கணக்கு இருக்கிறது.

சீனர்கள் அதை 'பாட்ஸு' என்பர். எட்டு எழுத்து என்று பொருள். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்குக்கும் இவ்விரண்டு எழுத்து. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும், எலி முதல் பன்றி வரை 12 மிருகங்களும் அவற்றுள் அடங்கும். நாளின் முதல் எழுத்தே ஆளைக் குறிக்கும். அது நெருப்பானால் வேகக்காரர், மண்ணானால் நிதானி. மணம் பேசுகையில் இரு வீட்டுக் குறிப்பையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். எலிக்குக் குதிரை ஆகாது. புலிக்குக் குரங்கு ஆகாது.

கணக்கு நுட்பமானதுதான். ஆனால் இவ்வெழுத்துகள் சேரும் வகைகள் மொத்தமே 5,18,400. உலக மக்களோ 800 கோடிக்கு மேல். ஆக, ஒரே எட்டெழுத்துக்குச் சராசரியாக 15,000 பேர்! அவர்களில் ஒருவர் வட்டி வாங்குவார். இன்னொருவர் தஹஜ்ஜுதுக்கு எழுவார்.

இது வெறும் விளையாட்டல்ல. அறுபதாண்டுச் சுற்றில் நெருப்புக் குதிரை ஆண்டு ஒருமுறை வரும். இந்தச் சுற்றைச் சீனாவிடமிருந்து பெற்ற ஜப்பானில், அவ்வாண்டில் பிறந்த பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைக் குறைப்பவள் என்ற நம்பிக்கை வேரூன்றியது. 1965-ல் அங்கே சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் சுமார் 13.6 லட்சம். 1967-லோ 19 லட்சத்துக்கும் மேல். நடுவில் போருமில்லை, பஞ்சமுமில்லை. அதற்கு முந்திய சுற்றில், 1906-ல் பிறந்த பெண்பிள்ளைகள் பலரை முன்னாண்டிலோ பின்னாண்டிலோ பிறந்ததாகப் பெற்றோரே பதிந்தார்கள். (அந்தப் பொய்த் தேதிக்கும் யாரேனும் குணம் கணித்துத்தான் இருப்பார்கள்!) அந்தப் பெண்பிள்ளை செய்த குற்றம் என்ன? 2026-ம் அதே நெருப்புக் குதிரை ஆண்டுதான்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அம்மரணத்தால்தான் என்றனர் மக்கள். பெற்ற மகனை இழந்த துயரத்திலும் அவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள்.

பிறரைப் பார்த்துச் சிரிக்க நமக்கென்ன தகுதி? மாப்பிள்ளை, பெண் பெயர்களை அப்ஜத் எண்ணில் கூட்டிப் பார்க்கிறவர்களும், பால்கிதாபு விரிக்கிறவர்களும் நம்மில் இல்லையா? குறிகாரனிடம் போய்க் கேட்டவனின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவர்களல்லவா நாம்!

பின் குணத்தை எப்படி அறிவது என்பீர்கள். பிள்ளையின் கூட்டாளியிடமும், கடன் கொடுத்தவரிடமும், அடுத்த வீட்டு உம்மாவிடமும் ஒரு நடை போய் விசாரியுங்கள். பிறகு இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, இன்னாரை எனக்குத் தெரியும் என்றார். அவருக்கு நீர் அண்டை வீட்டுக்காரரா? அவரோடு காசு பணம் கொடுத்து வாங்கியதுண்டா? பயணம் போனதுண்டா? மூன்றுக்கும் இல்லை என்றார் வந்தவர். பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர் போலும், உமக்கு அவரைத் தெரியாது என்று கூறி, அறிந்த ஒருவரை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள் உமர் (ரலி) அவர்கள்.