பிட்னி

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறமாகவும் முந்தானை வேறு நிறமாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். பாவு அப்படியே இருக்க, ஊடையை மட்டும் மாற்றலாம். அப்போது பழைய பாவு புதிய நிறத்தின் அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், நிறம் கலங்கும். அல்லது பாவையே மாற்றலாம். இதற்குப் பிட்னி என்று பெயர். உடலின் பாவோடு முந்தானையின் பாவை இழைக்கு இழை பொருத்தி, சிறிது தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்கிறார்கள். பிடிப்பு ஏற்பட்ட பிறகுதான் பழைய இழைகளை வெட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு தடித்த கோடு விழுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தடவிப் பார்த்து வாங்குகிறார்கள்.

மனிதன் தன் கருத்தை மாற்றிக்கொள்வது பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கோடு எனக்குள் குறுக்கிடுகிறது.

மாறாமலிருப்பதுதான் நேர்மை என்று நான் நினைக்கவில்லை. சொற்களை மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் நம்மிடையே அதிகம். அவர்கள் ஊடை மாற்றுகிறவர்கள். நான் அந்த ரகமில்லை என்கிற திருப்தி எனக்கு இருந்தது. என் கட்டுரைகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது அது போயிற்று.

பல வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுதி பற்றி எழுதியிருந்தேன். கவிதையில் கண்ணீர் இருக்கக்கூடாது என்பது அன்று என் சட்டம். தாயின் சாவு பற்றி அவர் எழுதியவற்றைக் கேலி செய்தேன். பிறகு அவர் எழுதவில்லை. காரணம் நான்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்று அந்தச் சட்டம் என்னிடம் இல்லை. ஆகவே அக்கட்டுரையை விட்டுவிட்டேன். கேட்ட நண்பரிடம், 'அதை எழுதியவன் நான் இல்லை' என்றேன். உண்மைதான். வசதியான உண்மை.

பழைய பாவு வெட்டப்படவேண்டியதே. ஆனால் புதியதோடு சேர்த்து நெய்வதற்கு முன் வெட்டினால் துணி இரண்டாகிவிடும். அந்தக் கவிஞருக்கு இன்றைய என் கனிவு பெரிதில்லை. அது யாரிடமிருந்தும் கிடைக்கும். அன்று கேலி செய்தவனே இன்று வேறாக நினைக்கிறான் என்பதை நான் ஒருவன்தான் சொல்ல முடியும். அன்றைய என்னை வெட்டி எறிந்துவிட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆயுள் முழுவதும் இரண்டு பாவையும் சுமந்துகொண்டு நெய்யவேண்டும் என்பதில்லை. அது குற்ற உணர்வின் ஆடம்பரம். சேர்ந்திருக்கும் தூரம் சிறியது. ஆனால் தாண்டிக் குதிக்க முடியாதது.

கட்டுரை தொகுப்பில் சேர்கிறது, ஓர் எழுத்தும் மாற்றாமல். அடியில் இன்றைய தேதியிட்டுப் பத்து வரிகள். படிப்பவர் விரலில் அந்த இடம் தட்டுப்படும்.