கோபத்துக்குக் கீழே

போதையை நிறுத்திய முதல் வாரங்களில் ஒருவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அநேகமாக மூன்று பதில்தான். நல்லா இருக்கேன். கடுப்பா இருக்கு. ஒரு மாதிரியா இருக்கு.

அந்த 'ஒரு மாதிரி'க்குள் எவ்வளவோ கிடக்கிறது. மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்த வெட்கம். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்ற பயம். செத்துப்போன அப்பாவுக்காக அப்போது அழாத அழுகை. எல்லாம் கலங்கிப்போய் நெஞ்சுக்குள் நிற்கிறது. எது எதுவென்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முன்பு இப்படி இருந்தபோது எதை உள்ளே விட்டால் அடங்கியது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

*

தன் உணர்வு இன்னதென்று அறியவோ சொல்லவோ முடியாத நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியாஸ் என்ற மனநல மருத்துவர் 'அலெக்ஸிதைமியா' என்று பெயரிட்டார். போதைக்கு அடிமையானவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகவே தென்படுகிறது. 1990இல் சலோவேயும் மேயரும் 'உணர்வு நுண்ணறிவு' பற்றி எழுதியபோது, முதல் படியாக வைத்ததும் உணர்வை இனம்காண்பதைத்தான்.

இதை அளக்கும் கேள்வித்தாள்கள் பலவற்றைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 'என் உணர்வுகளை நான் நன்கு அறிவேன்': ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போடு. தன் மனதைப் படிக்கத் தெரியாதவரிடமே, எவ்வளவு நன்றாகப் படிக்கிறாய் என்று விசாரணை!

*

வலிக்கு மருந்தாகத்தான் மனிதர்கள் போதையைத் தேடுகிறார்கள் என்று 1985இல் எழுதினார் எட்வர்ட் கான்ட்சியான். அவர் பார்த்த ஹெராயின் பழக்கக்காரர்கள் பலருக்கு அது உள்ளே கொதித்த ஆத்திரத்தை அமர்த்தியது. இதில் பாதி உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. மீதிப் பாதி, போதையே உண்டாக்கும் துயரம். ராத்திரி எந்தச் சோர்வைத் தணித்ததோ அதே சோர்வைக் காலையில் இரட்டிப்பாகக் கொண்டுவந்து வைக்கிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனால், முதலில் என்ன வலித்தது என்பதே மறந்துபோகும்.

*

போதையை விட்டவர் மறுபடி தொடங்கினால் வீட்டில் சொல்வார்கள்: "கூட்டாளிங்கதான் கெடுத்துட்டாங்க." அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், குடி, சிகரெட், ஹெராயின் முதலிய பழக்கங்களுக்கு மக்கள் திரும்பிய 311 சந்தர்ப்பங்களை எடுத்து ஆராய்ந்தார். பிறர் தூண்டுதலால் நடந்தவை 20 சதவீதம். கோபம், மனச்சோர்வு, சலிப்பு போன்ற கசப்பான மனநிலைகளில் நடந்தவை 35 சதவீதம். சண்டை சச்சரவுக்குப் பிறகு நடந்தவை 16. கூட்டாளியைத் துரத்திவிடலாம். சாயங்காலத்து வெறுமையை எங்கே துரத்துவது?

*

குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் ஒரு நால்வர் பட்டியல் உண்டு: பசி, கோபம், தனிமை, அசதி. இந்த நான்கில் எது வந்தாலும் எச்சரிக்கை. கோபத்துக்குப் பக்கத்திலேயே பசியையும் உட்காரவைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, பஸ்ஸில் நசுங்கி வந்தாயிற்று, இறங்குகிற இடத்தில் டாஸ்மாக். அந்த நேரத்து 'கோபம்' ஒரு தட்டு இட்லியில் தீர்ந்துவிடக்கூடும்.

*

மார்லட் பௌத்த தியானத்தில் ஈடுபாடு கொண்டவர். போதை வேட்கையை அலையாகப் பார்க்கச் சொன்னார்: எழும், உச்சிக்குப் போகும், தணியும். எதிர்த்து நிற்கவும் வேண்டாம், கூடவே போகவும் வேண்டாம். எங்கே இருக்கிறது என்று பார்: தொண்டையிலா, உள்ளங்கையிலா, அடிவயிற்றிலா? சூடா, இறுக்கமா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருமாறுகிறது. பல சமயம் வேட்கை விலகியதும் அடியில் பயம் இருக்கிறது.

(கை நடுங்கி வலிப்பு வரக்கூடிய முதல் நாட்களுக்கு இது உதவாது. அப்போது வேண்டியது மருத்துவமனை.)

"மனசு வெச்சா விட்டுடலாம்" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துகொண்டு வருகிறது. குடிப்பவர் எத்தனை முறை மனசு வைத்தார் என்று அவரைக் கேட்டால் தெரியும். அந்த மனசுக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆம்பளைப் பையனுக்கு நம் வீடுகளில் அனுமதிக்கப்பட்ட உணர்வு கோபம் ஒன்றுதான். வெட்கமும் துக்கமும் அதன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வர முடிகிறது.

*

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரால் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். குடும்பத்தாருக்கும் அங்கே தனியாக சிகிச்சை உண்டு.

அது ஏன் என்று யோசித்தால், குடிப்பவரின் மனைவிக்கு உணர்வறிவு குறைவில்லை. கேட் திறக்கிற சத்தத்திலேயே கணவர் என்ன நிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவார். அத்தனை வருடமும் அவர் முகத்தையே படித்துப் படித்து, தன்னுடையதைப் படிக்க நேரமில்லாமல் போயிற்று. அதனால்தான் கணவர் நிறுத்தி நான்கைந்து மாதம் ஆன பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே நினைக்கும்போது, மனைவிக்குக் கோபம் வருகிறது. பயந்துகொண்டிருந்த வருடங்களில் அதற்கு இடமில்லை. "இப்பதான் விட்டுட்டேனே, இன்னும் என்ன?" என்று கணவர் குழம்புகிறார். என்னவென்று மனைவிக்கும் இன்னும் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதிரியாக இருக்கிறது என்கிறார்.