அடைக்கலமும் ஆலயமும்

மட்டாஞ்சேரி அடைக்கலத்தால் வளர்ந்த ஊர். கோவாவில் போர்த்துக்கீசியரின் சமயக் கொடுமைக்கு அஞ்சி 16ஆம் நூற்றாண்டில் தெற்கு நோக்கி வந்த கொங்கணியர், இங்கே திருமலை தேவசுவத்தின் வேங்கடாசலபதியை வழிபட்டு நிலைபெற்றனர். கொடுங்கல்லூரை இழந்து வந்த யூதர்க்கும், ஸ்பெயினினின்று துரத்தப்பட்ட மரபினராகிய யூதர்க்கும் கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே இடமளித்தார். 1568இல் எழுந்த அவர்தம் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. கச்சி மேமன்களும் குஜராத்திச் சமணரும் தமிழரும் பிழைப்பு நாடி வந்து, தத்தம் தெய்வத்தையும் மொழியையும் இழவாது வாழ்ந்த மண் இது.

இத்தகைய ஊரில் நாம் ஒரு வினாவை எழுப்பிப் பார்த்தல் தகும். நாட்டை விட்டு ஓடிவந்தோர்க்குக் கதவு திறந்த அறம், வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணுக்குக் கதவு திறக்கின்றதா? கொங்கணியரை நோக்கி, "கோவாவுக்கே திரும்புங்கள்; பொறுத்திருங்கள்; ஆள்வோர் மனம் ஒருநாள் மாறும்" என்று அன்றைய கொச்சி கூறியிருப்பின், இவ்வூரின் வரலாறே வேறாகியிருக்கும். கணவன் அடித்தமையால் நள்ளிரவில் வெளியேறிய பெண்ணுக்கோ, கோயிற் பெரியவரும் பங்குத் தந்தையும் ஜமாத்தாரும் பல வேளைகளில் கூறும் அறிவுரை இதுவேயன்றோ?

இத்துன்பம் அரிதானதன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இத்தொகை 38; கேரளத்தில் 10. கேரளத்தின் எண் சிறிதென்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று அதே ஆய்வில் கூறிய கேரளப் பெண்கள் நூற்றுக்கு 52 பேர். நாடு முழுவதும் வன்முறைக்கு உள்ளான பெண்களுள் உதவி நாடியோர் நூற்றுக்கு 14 பேரே. 77 பேர் எவரிடமும் வாய் திறந்ததே இல்லை. உதவி நாடியவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டாரிடமே சென்றனர். சமயத் தலைவர்களை அணுகியவர் மிகச் சிலர். வாரந்தோறும் வழிபாட்டிடம் செல்லும் பெண், தன் உயிருக்கு இடர் நேர்ந்தபோது மட்டும் அவ்விடத்தை நாடவில்லை என்றால், காரணத்தை நாம் அவளிடம் தேடலாகாது.

திருமண பந்தம் புனிதமானது, அதனைக் காப்பதே சமயத்தின் கடமை என்பர் சிலர். அக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆயினும் சமயங்களின் நெறிகளே அதற்கு எல்லை வகுத்துள்ளன. உடலுக்கோ உள்ளத்துக்கோ பேரிடர் விளைவிக்கும் துணைவரைப் பிரிந்து வாழ 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. சில நிலைகளில் பிரிவு அறத்தின்படியே தேவையாகிவிடும் என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிசு தம் மடலில் ஏற்றுக்கொண்டார். இசுலாத்தில் மனைவி மணவிலக்குக் கோரும் 'குலா' என்னும் உரிமை தொன்மையானது. 2021இல் கேரள உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இந்து திருமணச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது கொடுமை மணவிலக்குக்குரிய காரணமாயிற்று. கிறித்தவப் பெண்ணுக்கு இவ்வுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1995இல் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பும், 2001இல் சட்டத் திருத்தமும் அக்குறையைப் போக்கின.

இனி, பொறுமை பற்றிய கேள்வி எழும். பொறுமை உயர்ந்த பண்பே. தண்டிக்கும் ஆற்றல் பெற்றவன் தண்டியாது விடுதலே பொறை. வேறு போக்கிடம் அறியாதவள் அடியை ஏற்றுக் கிடத்தல் அச்சத்தின் விளைவு. அதற்குப் பொறை என்று பெயரிடுதல் பொருந்தாது. ஒருவர் தாமே மேற்கொள்ளும்போதுதான் பொறுமை அறமாகிறது. துன்புறுவோர்மீது பிறர் அதனைச் சுமத்துதல் கொடுமைக்குத் துணைபோவதாகும். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பாயில் அமர்த்திச் சமரசம் பேசுவோர் இதனை எண்ணுதல் வேண்டும். அவ்வவையில் அவள் "சரி" என்று கூறுவது, அன்றிரவு அவனோடு திரும்பிச் செல்ல வேண்டியவள் கூறும் சொல்.

பெண் பேசவே இடமில்லாத அவைகளும் உண்டு. மணவழக்குகளில் பெண்ணை உள்ளே விடாது ஆடவரே தீர்ப்புக் கூறும் ஜமாத்துகளைக் கண்ட தாவூத் ஷரீபா கானம் முதலிய புதுக்கோட்டைப் பெண்கள், 2004இல் தமக்கெனப் பெண்கள் ஜமாத்தை நிறுவினர். அவர்கள் தம் மார்க்கத்தைத் துறக்கவில்லை. மார்க்கம் தமக்களித்த உரிமையையே அதன் பெயரால் கேட்டனர்.

இந்நெறிக்கு முன்மாதிரி நம் இலக்கியத்திலேயே உண்டு. சேரநாட்டு இளங்கோவடிகள் சிலம்பில் ஒரு காதைக்கே 'அடைக்கலக் காதை' என்று பெயர். அங்கே துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் மகளிடம் ஒப்படைக்கிறார். கண்ணகியின் துயர் வேறு வகையது. எனினும் அக்காதை காட்டும் முறை நமக்குரியது. சமயத்துறவி வழித்துணையாகிறார், எளிய பெண்ணொருத்தி வீடு தருகிறாள். அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற்போனமைக்காக மாதரி தீப்புகுந்தாள், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்று காப்பியம் கூறும். அடைக்கலம் தந்தோர் ஏற்கும் பொறுப்பு அத்துணைப் பெரிது.

அவ்வளவு கடிய விலையை இன்று எவரும் கேட்கவில்லை. வழிபாட்டிடங்கள் செய்யத்தக்கவை எளியன. அவளைத் தனியே அமர்த்திக் கேட்க வேண்டும். அவள் கூறுவதை நம்ப வேண்டும். அவள் இருக்குமிடத்தைக் கணவன் வீட்டார்க்கு வெளியிடலாகாது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, வன்முறை நிகழ்வதை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது பழி வராது. மனைவிக்கு அவ்வீட்டில் வாழும் உரிமையையும் அச்சட்டம் தருகிறது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். உண்டியற் பணத்தில் ஒரு பங்கு, அவள் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் சில திங்கள் வாடகைக்கும் ஆகலாம். அடித்தவன் மனம் வருந்தினால், அவன் திருந்தத் துணைசெய்யலாம். ஆனால் அவ்வருத்தத்தைக் காட்டி அவளைத் திரும்ப அழைத்தலும், அவனுக்குத் திருவிழாவில் முதல் மரியாதை தருதலும் ஆகா.

நம் சங்கத்துக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டினின்று மணமாகி இங்கு வந்த பெண்ணுக்குப் பிறந்த வீடு தொலைவில் இருக்கிறது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வழங்கும் மொழி வேறாக இருக்கிறது. அவள் தன் துயரைத் தாய்மொழியில் கூறக் கேட்பதற்கு ஒருவரும், அதனை மலையாளத்தில் எழுதித் தந்து உடன் செல்வதற்கு ஒருவரும் நம்மிடையே இருத்தல் வேண்டும். அயலூரில் தமிழர் கூடிச் சங்கம் அமைத்தது தமிழ் வளர்க்க என்பது உண்மை. அத்தமிழ் பேசும் பெண்ணொருத்திக்குத் தாய்வீடாய் நிற்றலும் அப்பணியில் அடங்கும்.