இஸ்லாமிய அறவியலும் விளைவுவாதமும்

ஒரு செயல் சரியா தவறா என்பதை அதனால் விளையும் நன்மை தீமைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன என்பது விளைவுவாதம். இஸ்லாமிய மரபில் விளைவைக் கருதும் சிந்தனைக்குக் குறைவில்லை. மதுவிலும் சூதாட்டத்திலும் சில பயன்கள் உண்டென்றாலும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று குர்ஆன் (2:219) காரணம் காட்டுகிறது. கடும் பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார் என்பதும் மரபுச் செய்தி.

இந்தச் சிந்தனை 'மஸ்லஹா', அதாவது நலன், என்ற கோட்பாடாக வளர்ந்தது. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் 'அல் முஸ்தஸ்ஃபா' நூலில் அதற்கு வரம்பு கட்டினார். மக்கள் விரும்பும் ஆதாயம் அவருக்கு மஸ்லஹா அல்ல. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் காக்கும் ஷரீஅத்தின் நோக்கத்தைப் பேணுவதே மஸ்லஹா.

அவர் ஆராயும் இரண்டு இக்கட்டுகள் எந்த விளைவுவாதியையும் யோசிக்க வைப்பவை. முஸ்லிம் கைதிகளைக் கேடயமாக முன்னிறுத்தி எதிரிப்படை வருகிறது. தாக்காவிட்டால் சமூகம் முழுவதும் அழியும். காக்கப்படும் நலன் இன்றியமையாததாகவும் உறுதியானதாகவும் சமூகம் முழுமையையும் தழுவியதாகவும் இருந்தால் தாக்கலாம் என்கிறார். ஆனால், மூழ்கும் கப்பலில் ஒருவரைக் கடலில் தள்ளினால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்றால்? கூடாது. கப்பலில் இருப்பவர்கள் ஒரு சிலரே, முழுச் சமூகமல்லர். பலியாக வேண்டியவர் யார் என்று சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வதற்கும் ஆதாரமில்லை. பலர் பிழைப்பது என்ற கணக்கு மட்டும் ஒருவரைக் கொல்லும் உரிமையைத் தந்துவிடாது. விளைவுவாதத்திலிருந்து கஸ்ஸாலி தெளிவாகப் பிரியும் இடம் இதுதான்.

நிய்யத், அதாவது செயலின் பின்னுள்ள எண்ணம், விளைவுவாதத்துக்கு இன்னொரு தடை. ஊர் மெச்சக் கொடுக்கும் தர்மமும் ஏழையின் பசியைத் தீர்க்கும். இறைவனிடம் அதற்குக் கூலியில்லை. மறுமையையும் விளைவுகளில் சேர்த்துக்கொண்டால் முரண்பாடு தீரும் என்று வாதிடலாம். ஆனால், அந்தக் கணக்கு மனிதர் கையில் இல்லை. அவர்களுக்கு எஞ்சுவது கட்டளைக்குக் கீழ்ப்படிதல். நன்மை தீமை இறைக்கட்டளையாலேயே அமைகின்றன என்ற அஷ்அரி இறையியலாளர்களின் நிலைப்பாடும் இதற்கு அருகில் வருகிறது. அறிவுக்கு முதன்மை கொடுத்த இறையியலாளர்களான முஃதஸிலாக்களும் விளைவுவாதிகளாகிவிடவில்லை: பொய் தீயது, அது பொய் என்பதாலேயே என்றார் அவர்களுள் ஒருவரான அப்துல் ஜப்பார் (இறப்பு 1025).

விளைவுவாதத்துக்கு மிக அருகில் போனவர் சட்ட அறிஞர் நஜ்முத்தீன் தூஃபி (இறப்பு 1316). நலனோடு மூலவசனம் மோதினால், நலனை வைத்தே அதன் பொருளை வரையறுக்க வேண்டும் என்று அவர் துணிந்து சொன்னார். பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. அவரும் இந்த விதியைக் கொடுக்கல் வாங்கல் போன்ற உலக நடவடிக்கைகளோடு நிறுத்திக்கொண்டார். வணக்கவழிபாடுகள் இறைவனின் உரிமை என்று விலக்கிவைத்தார்.