மருந்தை விடுதல் நோன்பாகுமா?

நம் சமூகத்தில் 'விடுதல்' என்னும் சொல்லுக்குத் தனிப்பெருமை உண்டு. இரவு உணவை விட்டவர், கிழங்கு வகைகளை விட்டவர், தேனை விட்டவர் என ஒருவரைச் சிறப்பித்துக் கூறுவது நம் இல்லங்களில் வழக்கம். இவ்வரிசையில் இப்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க நேர்கிறது. "மனத்தளர்ச்சிக்காகச் சாப்பிட்டு வந்த மாத்திரையையும் நோன்பு தொடங்கிய அன்றே விட்டுவிட்டேன்" என்கின்றனர் சிலர். கேட்போரும் மெச்சுகின்றனர். மருந்தை விடுவது நோன்பாகுமா? விடாமல் தொடர்வது மனவலிமைக் குறைவாகுமா? இவ்விரு வினாக்களையும் வாசக அன்பர்களுடன் சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் மருந்து என்பது நம் மரபில் இழிவான பொருளன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நான்கு வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. நம் சமயச் சான்றோராகிய காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். இரண்டும் மருந்தின் பெயர்கள். உடல்நோய்க்கு மருந்து எப்படியோ அப்படியே உயிருக்கு அறம் என்பது அவர்கள் கருத்து. மருந்துண்பதை இழிவாக எண்ணியிருந்தால் அறநூலுக்கு அப்பெயரைச் சூட்டியிருப்பார்களா?

மனத்தளர்ச்சிக்கான மாத்திரைகளின் வரலாறு நீண்டதன்று. 1957ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனத்தளர்ச்சியை மாற்றுவதைக் கண்டு வெளியிட்டார். 1987ஆம் ஆண்டின் இறுதியில் ஃபுளூவாக்செடின் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மூளையில் செரட்டோனின் என்னும் பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதை இவ்வகை மருந்துகள் தடுக்கின்றன. மாதக்கணக்கில் உண்ணும்போது மூளை இந்நிலைக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. பின்னர் மருந்து திடீரென நின்றுபோனால், பொருந்திய மூளை தடுமாறுகிறது. தலைசுற்றல், குமட்டல், உறக்கமின்மை, அச்சுறுத்தும் கனவுகள், காரணமற்ற கண்ணீர், சினம், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டுகள் ஆகியவை தோன்றுகின்றன.

இத்தடுமாற்றத்தைக் கண்ட உறவினர் உடனே கூறும் சொல், "மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள்" என்பது. இங்கேதான் அறநோக்கில் ஒரு வேறுபாட்டைத் தெளிய வேண்டும். மதுவுக்கு அடிமையானவன் அதனை நாடுகிறான், அளவைக் கூட்டுகிறான், அதற்காகப் பொய்யும் சொல்கிறான். அது பற்று. இம்மாத்திரையை உண்பவர் எவரும் அதன்மேல் ஆசை கொள்வதில்லை. உடல் மட்டுமே அதற்குப் பழகியிருக்கிறது. பற்று மனத்தின் குற்றம். பழக்கம் உடலின் இயல்பு. உடலின் இயல்புக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதியன்று.

எத்தனை பேருக்கு இத்துன்பம் நேர்கிறது? 2024ஆம் ஆண்டு 'லான்செட் சைக்கியாட்ரி' என்னும் மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. மருந்தை நிறுத்தியோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தோன்றின. மருந்தற்ற வெறும் மாத்திரையை நிறுத்தியோரிலும் 17 விழுக்காட்டினருக்குத் தோன்றின. அச்சத்தாலும் எதிர்பார்ப்பாலும் வருவதைக் கழித்தால், ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்து நின்றதனாலேயே துன்பம் வருகிறது எனக் கொள்ளலாம். கடுந்துன்பம் அடைவோர் நூற்றுக்கு மூவர் அளவினர். ஆதலின், அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. எவரையும் 'பாசாங்கு' என்று ஒதுக்கவும் கூடாது.

இதில் மருத்துவ உலகமே தன்னைத் திருத்திக்கொண்ட செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டு நெறி, இவ்வறிகுறிகள் பெரும்பாலும் இலேசானவை, ஒரு வாரத்தில் அடங்கும் என்று 2009இல் கூறியது. மாதக்கணக்கில் துன்புற்றோர் தொடர்ந்து முறையிட்டதன் பயனாக 2019இல் அவ்வாசகம் மாற்றப்பட்டது. சிலருக்கு அறிகுறிகள் கடுமையாகவும் நெடுநாளும் இருக்கக்கூடும் என்று இப்போது ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து நோக்க வேண்டும் என்னும் அநேகாந்தக் கொள்கை ஏட்டில் மட்டும் இருப்பதன்று. நோயாளி காணும் பக்கமும் உண்மையின் ஒரு பக்கமே.

இனி, எவ்வாறு குறைப்பது என்பதைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்னும் இருவர் வெளியிட்ட கணக்கு ஒன்று, ஆசிரியையாகிய என்னைப் பெரிதும் கவர்ந்தது. சிட்டலோபிராம் என்னும் மருந்தில் 20 மில்லிகிராம், மூளையில் அது செயற்பட வேண்டிய இடங்களில் 80 விழுக்காட்டைப் பற்றிக்கொள்கிறது. சுமார் 9 மில்லிகிராமே 70 விழுக்காட்டைப் பற்றுகிறது, 3.4 மில்லிகிராம் 50 விழுக்காட்டையும், 1.5 மில்லிகிராம் 30 விழுக்காட்டையும் பற்றுகின்றன. அஃதாவது, இருபதிலிருந்து ஒன்பதுக்கு இறங்கினால் இழப்பது பத்துப் பங்கு மட்டுமே. ஒன்றரையிலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்கினாலோ முப்பது பங்கு ஒரேயடியாகப் போய்விடுகிறது. தொடக்கத்தில் எளிதாக இறங்கியவர் கடைசிப் படியில் விழுவதன் காரணம் இதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அறியாதார் இரார். பால் பெருகியிருக்கும்போது அடுப்பு எரிந்தாலும் கேடில்லை. சுண்டச் சுண்டத் தீயைக் குறைத்து, கை ஓயாமல் கிளற வேண்டும். முடியப்போகிறதே என்று அவசரப்பட்டால் அடிபிடித்துவிடும். மருந்தைக் குறைப்பதும் அத்தகையதே. அளவு சிறுக்கச் சிறுக்கப் படியும் சிறுக்க வேண்டும்.

இதனை ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. என் கணவர் மறைந்தபின் உறக்கமும் உணவும் நீங்கிய நிலையில், நானும் மூன்றாண்டுகள் இவ்வகை மாத்திரை உண்டேன். அதனால் நலமும் பெற்றேன். பின்னர், ராஜபாளையத்திலிருந்து அரைமணிப் பேருந்துப் பயணத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, எனக்கு மருத்துவம் பார்த்தவரின் மேற்பார்வையில் அதனைக் குறைத்தேன். பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்துக்கு வர நான்கு மாதங்களும், ஐந்திலிருந்து முற்றும் நிறுத்தப் பத்து மாதங்களும் ஆயின. பள்ளியில் பாடக்குறிப்பு எழுதிய பழக்கத்தால் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். நாள், அளவு, உறக்கம், தலைசுற்றல், மனநிலை என ஐந்து கட்டங்கள். "அத்தை, இன்றைக்கு ஏட்டில் என்ன எழுதினீர்கள்?" என்று மருமகள் மாலைதோறும் கேட்பாள். அவ்வொரு கேள்வியே எனக்குப் பாதி மருந்தாயிற்று.

ஏழாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் தலைக்குள் மின்வெட்டு வந்துகொண்டிருந்தது. மருத்துவர் முந்தைய அளவுக்கே திரும்பச் சொன்னார். ஒரு மாதம் கழித்து, இன்னும் சிறிய படியாக இறங்கினோம். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்றும், மாணவர் ஒரு பாடத்தில் நிலைபெறாதவரை அடுத்ததற்குச் செல்லற்க என்றும் ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். இல்லறத்தார்க்கு நம் பெரியோர் வகுத்த பதினொரு பிரதிமைகளும் அவ்வாறே அமைந்தவை. ஒன்றில் ஊன்றி நின்றபின்னரே மற்றொன்று. எல்லா நிலையையும் ஒரே நாளில் ஏறச் சொன்னவர் எவருமிலர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசம் இருப்பது நற்செயலே; மாத்திரையை அவ்வாறு ஒன்றுவிட்ட நாளில் உண்பது பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தாது. ஒருநாளில் இரத்தத்தில் மருந்து வடிந்து, மறுநாள் ஏறி, உடல் ஊசலாடுகிறது. மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைத் தாமே உடைத்தலும் கூடாது. நோன்பு மேற்கொள்ள விழைவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி, உண்ணும் வேளையை மாற்றிக்கொள்ளலாம்.

குறைத்தபின் தோன்றுவது மருந்து நின்றதன் விளைவா, பழைய நோயா என்பதையும் பகுத்தறிய வேண்டும். அளவைக் குறைத்த சில நாட்களிலேயே, தலைசுற்றல், மின்வெட்டு போன்ற உடற்குறிகளோடு வருவது பெரும்பாலும் முன்னது. பல வாரங்கள் கழித்து, எதிலும் நாட்டமின்மையும் நம்பிக்கையின்மையும் மெல்லப் படர்வது பின்னதாக இருக்கலாம். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபர் 10 முதல் நடுவணரசு நடத்திவரும் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

நிறுத்துவது அனைவருக்கும் ஏற்றதும் அன்று. இங்கிலாந்தில் நெடுங்காலம் மருந்துண்டு நலமாயிருந்த 478 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தோரில் 39 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியோரில் 56 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. தொடர்ந்தோர் அனைவரும் காக்கப்படவில்லை. நிறுத்தியோர் அனைவரும் வீழவுமில்லை. நம் நாட்டிலோ நிலைமை வேறு. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனத்தளர்ச்சியுற்றோரில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. மருந்தை விடுவது பெருமை என்ற பேச்சு, மருந்து தேவைப்படும் ஓர் இளம்பெண்ணின் காதில் விழுந்தால், அவள் கேட்க வேண்டிய உதவியைக் கேளாமலே இருந்துவிடக்கூடும்.

ஆதலின் என் முடிவு இதுதான். மருந்தை விடுதல் நோன்பன்று, தொடர்தல் குற்றமுமன்று. நோன்பில் நாம் விடுவது ஆசையை. மருந்தில் நாம் கேட்க வேண்டியது, "இது இன்னும் எனக்குத் தேவையா?" என்னும் ஒரு கேள்வி. அக்கேள்வியை மருத்துவரிடம் அஞ்சாமல் கேட்பதும், உட்கொள்வதையும் விட்டதையும் மறையாமல் கூறுவதும் வாய்மை. விடுபவரை விரைவுபடுத்தாமலும், தொடர்பவரை இகழாமலும் இருப்பது குடும்பத்தாரின் கடமை. மனம், மொழி, மெய் மூன்றாலும் பிற உயிர்க்கு ஊறு செய்யாமையே அஹிம்சை எனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். "இன்னுமா அந்த மாத்திரை?" என்று வீட்டில் ஒருவரைக் கேட்குமுன், மொழியால் வரும் ஊறும் அதனுள் அடங்கும் என்பதை நாமும் எண்ணிப் பார்ப்போமாக.